புகாரில் விட்டுப்போன உளுந்து

1. மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. காலை ஏழே முக்கால் மணி.

2. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலை, அடிவாரத்துக்குச் சற்று முன்பு. நான் ஸ்கூட்டரில் மலை மேல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேகம் முப்பதைத் தாண்டவில்லை. ஹெல்மெட் போட்டிருந்தேன்.

3. எதிரே, மலையிலிருந்து ஒரு வாடகைக் கார் இறங்கி வந்தது. தூரத்திலிருந்தே விடாமல் ஹாரன் அடித்தது. இரண்டு முறை முகப்பு விளக்கைப் போட்டு அணைத்தது.

4. நான் வழிவிட்டு இடது பக்கம் ஒதுங்கினேன்.

5. கார் தன் பாதையை விட்டு, நான் ஒதுங்கிய பக்கமே ஏறி வந்தது.

6. நான் வண்டியோடு விழுந்தேன். காரின் முன்பக்கம் ஸ்கூட்டரில் இடித்து நின்றது. எனக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது.

போன வருஷம் காவல் நிலையத்தில் நான் எழுதிக்கொடுத்த புகார் இதுதான். மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். எதையும் எண் போட்டு எழுதித்தான் பழக்கம். ஆறு வரியையும் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எழுதினேன். ஆறும் உண்மை.

எழுதும்போது எனக்கு இருந்த கோபத்தைச் சொல்ல வேண்டும். நான்கு வருஷமாக அந்தச் சாலையில் போய் வருகிறேன். கொண்டை ஊசி வளைவில் என் பாதைக்குள் வந்து திரும்பும் கார்கள், மழை நாளில் சேற்றை வாரி அடித்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காத கார்கள், கண்ணைக் குருடாக்கும் விளக்கைத் தணிக்காத கார்கள், பின்னால் வந்து முதுகில் இடிப்பது போல ஹாரன் அடிக்கும் கார்கள். ஒருவரையும் நிறுத்தி ஒரு வார்த்தை கேட்க முடிந்ததில்லை. அத்தனை பேருக்கும் சேர்த்து எனக்குக் கையில் கிடைத்தவர் இந்த டிரைவர்.

நான் விழுந்ததும் சாலையோரக் கொல்லையிலிருந்து ஓர் அக்கா ஓடிவந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தார். அவர் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் டிரைவரை மறித்துக் கார் சாவியைப் பிடுங்கினார்கள். கார் வெச்சிக்கினா ரோட்டையே வெலைக்கு வாங்கிட்டியா என்று ஒருவர் கேட்டது காதில் விழுந்தது. டிரைவர் கையை நீட்டி நீட்டி ஏதோ சொன்னார். யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்க விருப்பமில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, அந்த அக்காவின் வீட்டுக்காரர் சாலையில் இருந்ததை அவசரமாக ஓரத்துக்கு வாரித் தள்ளிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் திரும்புவதற்கு வழி செய்கிறார் என்று நினைத்தேன்.

அப்பா புகார் வேண்டாம் என்றார். "வுடு பாப்பா, கை கூடிக்கினா போதும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். ஸ்டேஷன் என்றால் பயப்படுகிறார் என்று நினைத்து அவர் மீதும் கோபப்பட்டேன்.

மூன்றாம் நாள் அப்பாவோடு காவல் நிலையத்துக்குப் போனபோது அந்த டிரைவரைச் சரியாகப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். திருநாவலூர் பக்கத்து ஆள். லைசென்ஸை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தார். கார் அவருடையது அல்ல. வழக்குப் பதிந்தால் லைசென்ஸ் சில மாதங்களாவது முடங்கிவிடும், காரின் முதலாளி அன்றைக்கே வேறு ஆளிடம் சாவியைக் கொடுத்துவிடுவார் என்று ஏட்டு எங்களிடம் விளக்கினார். மனது இளகும் என்று சொன்னாரோ என்னவோ, எனக்கு இளகவில்லை. முடங்கட்டும் என்றே சொன்னேன்.

ஏட்டு என் தாளை அவரிடம் நீட்டினார். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு ஏட்டைப் பார்த்துச் சொன்னார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதிக்கிறாங்க சார். உளுந்த மட்டும் காணோம்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. என்ன உளுந்து என்று கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பினார். அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

"இன்னா மேடம் இப்படிக் கேக்கறீங்க? உங்க பாதி ரோடு முழுக்க உளுந்தஞ்செடி. அதனாலதான நீங்க என் பக்கத்துல வந்துக்கினு இருந்தீங்க? செடி மேல நான் ஏறிக்கிறேன், நீங்க நேரா வாங்கன்னுதான் லைட்டு போட்டேன், ஆரன் அடிச்சேன். கார் ஏறுறதுக்குத்தான கொட்றாங்க? செடி கொட்டுன அந்தம்மா வேற, ஏத்து ஏத்துன்னு கையக் காட்டுது. டூவீலர் போய் அதுல எறங்கும்னு எவன் நெனப்பான்?"

எங்கள் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. மாசி, பங்குனியில் பிடுங்கிக் காயவைத்த உளுந்துச் செடியைத் தார் ரோட்டில் பரப்பி, சுற்றிலும் கல்லை அடுக்கிவிடுவார்கள். பஸ்ஸும் காரும் ஏறி ஏறிப் பயறு உதிரும். கார் வந்தால் கையைக் காட்டி மேலே வரச் சொல்வார்கள். ஸ்கூட்டர் அதில் ஏறவே கூடாது. காய்ந்த தண்டின் மேல் சின்னச் சக்கரம் நிற்காது.

நான் அதைச் சுற்றிக்கொண்டு அவருடைய பாதைக்குள் போயிருந்தேன். ஹாரனைக் கேட்டதும், நகரு என்று மிரட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டு செடிக்குள் இறங்கினேன். அதே நொடியில் அவரும் எனக்கு வழிவிட்டு அதே செடி மேல் ஏறினார். சக்கரம் வழுக்கி நான் அவர் முன்னாலேயே விழுந்தேன்.

எழுதும்போது மறைக்க நினைத்தேனா என்று பலமுறை என்னையே கேட்டுவிட்டேன். இல்லை. எங்கள் ரிப்போர்ட்டில் அளவு மீறியதைத்தான் தடித்த எழுத்தில் போடுவோம். சரியான அளவில் இருப்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. ரோட்டில் உளுந்து கிடப்பது எனக்குச் சரியான அளவு.

அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அப்போதுதான் அவர் சுவரைப் பார்த்துப் பேசியதன் காரணம் தெரிந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் உளுந்தும் ரோட்டில்தான் கிடந்தது. அதே சாலை, நான்கு கிலோமீட்டர் முன்னால், எங்கள் ஊர் எல்லையில். வேலைக்குக் கிளம்பும் முன் ஓரத்துக் கல் நான்கைத் தூக்கி அடுக்கியது நான். ஒரு வெள்ளைக் கார் தயங்கி நின்றபோது, ஏற்றிப் போங்கள் என்று கையைக் காட்டியதும் நான். அது நடந்து கால் மணி நேரத்தில்தான் நான் விழுந்தேன்.

தாளை வாங்கி ஏழாவது வரியாக உளுந்தை எழுதப்போனேன். ஏட்டு தடுத்தார்.

"எழுதும்மா, வாணாங்கல. அப்பறம் கொட்டுனது யாருன்னு நான் கேப்பேன். அந்தப் பொம்பளையயும் கூப்புடணும். உங்க வூட்டு உளுந்து எங்க காயுதுன்னும் கேப்பேன்."

என் தலையை மடியில் வைத்திருந்த அக்கா. அப்பா. நான். மூன்று பேரையும் நினைத்துப் பார்த்தேன். ஆறு வரியோடு விட்டால் டிரைவரின் பிழைப்பு போகும். ஏழு வரியும் எழுதினால் இத்தனை பேர் மாட்டுவோம். புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நியாயமாக நடந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். ஏழாவது வரி எந்தத் தாளிலும் இல்லாமல் போயிற்று. எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. எனக்கும்தான். அந்த வசதியை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

வெளியே வந்ததும் டிரைவர் லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்தபடி, ஆரன் கேட்டா நின்னுடுங்க மேடம், எறங்காதீங்க என்றார். ஆள் வருவது தெரிந்தால் பிரேக்கைப் பிடியுங்கள், ஹாரனை அல்ல என்றேன். அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு. மூன்று நொடி நின்றிருந்தால் நான் கடந்திருப்பேன். நானும் மூன்று நொடி நின்றிருக்கலாம்.

வீட்டில் சண்டை போட்டேன். அப்பா, ஊரே கொட்டுது, நாம கொட்டாட்டி மட்டும் ரோடு காலியாயிடுமா என்று கேட்டார். களத்தைக் காட்டினேன். சிமென்ட் பெயர்ந்து கிடக்கிறது, பயறெல்லாம் வெடிப்புக்குள் போய்விடும் என்றார். தார்ப்பாய் விரித்து, டிராக்டரை ஏற்றி அடிக்கலாம் என்றேன். ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. இந்த மாசியில், என்னைக் கேட்காமலே களத்தில் தார்ப்பாயை விரித்திருந்தார். பக்கத்துக் கொல்லைக்காரர், டாக்டரம்மா வூட்டு உளுந்து ரோட்டுல எறங்காதாமே என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

இப்போதைய நிலைமை இது. மணிக்கட்டு முக்கால்வாசிதான் திரும்புகிறது. அந்த அக்கா அதே இடத்தில் இந்த வருஷமும் செடியைப் பரப்பியிருக்கிறார். என்னைப் பார்த்தால் சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன், உளுந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச எனக்கு இன்னும் வாய் வரவில்லை. செடி தொடங்கும் இடத்தில் காலை ஊன்றி நின்று, எதிரே வரும் கார் போன பிறகே நகர்கிறேன். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும். யார் மீது கோபம் வந்தாலும் இப்போதும் எண் போட்டுத்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும், எதை விட்டுவிட்டேன் என்று ஒருமுறை தேடிப் பார்க்கிறேன்.