ஆயர் ஈத்தாம் சரிவு

பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குத் தலைப்புத் தேடியபோது, உடன் படித்தவர்கள் கடலையும் காற்றையும் செவ்வாய்க் கிரகத்தையும் எடுத்துக்கொண்டார்கள். நான் எங்கள் ஊரான ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னாலிருந்த மலைச்சரிவை எடுத்துக்கொண்டேன். மண்ணில் மழைநீர் எவ்வளவு ஊறுகிறது என்று அளக்கும் கருவிகளை அங்கே புதைத்தேன். சரிவின் அடியில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்ற அக்கா, நனைந்து வரும் எனக்குச் சூடாகத் தே ஓ, பால் சேர்க்காத தேநீர், கலக்கித் தருவார்.

மூன்று நாள் விடாமல் பெய்த மழைக்குப் பின் ஒரு காலையில், அதுவரை நான் கண்டிராத அளவுக்கு ஈரம் ஏறியிருந்தது. கீழே ஓடினேன்.

"அக்கா, கடைய உடனே ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் மாத்திடுங்க. மண்ணு தாங்காது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அடுப்பை அணைத்தார். பக்கத்துக் கடைக்காரர்களையும் அவரே கிளப்பினார்.

பிற்பகலில் சரிவு இறங்கியது. கடைகள் இருந்த இடத்தில் இடுப்பளவு சேறு. ஒருவருக்கும் காயமில்லை.

மறுநாள் வந்த அதிகாரி, யார் எச்சரித்தது என்று விசாரித்தார். அக்கா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"இந்தப் பிள்ளைதான். எங்க ஃபிளாட்டுப் பிள்ளைலா."

பட்டம் வாங்கியபோதுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.