நான்கு இடங்களில் புகை

நடந்தது, நடந்த வரிசையில்:

1. கோழிகளுக்கான மருந்துகளை விற்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் நாமக்கல் கிளையில் நான் வேலை பார்க்கிறேன்; சொந்த ஊர் ஆத்தூர். சுற்றுச்சூழல் பொறியியல் படித்தவள் என்பதால், கம்பெனியின் சமூகப் பொறுப்புத் திட்ட அறிக்கைகள் என் மேசைக்கு வந்தன.

2. எருமப்பட்டிப் பக்கம் ஒன்பது குடியிருப்புகளுக்கு, இடத்துக்கு ஒன்றாக, ஆழ்துளைக் கிணறும் கைப்பம்பும் கம்பெனி கொடுத்தது.

3. துளை போட்ட ரிக் வண்டிக்காரர் ஒவ்வொரு குழிக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். ஐந்து தாள்களின் கடைசி வரியில் 'ரெண்டு இஞ்சு', 'ஒண்ணரை இஞ்சு' என்று இருந்தது. நான்கில் 'பொகை' என்று இருந்தது.

4. தாள்களை ஆங்கிலத்தில் பெயர்த்தது நான். இஞ்சுகளைக் குழாயின் அளவு என்று எடுத்துக்கொண்டேன். பொகையைப் புகை என்று எழுதி, பாதுகாப்பு என்ற கட்டத்தில் போட்டேன்.

5. தலைமை அலுவலகம் நான்கு தீயணைப்பான்களை அனுப்பிவைத்தது.

அவற்றோடு ஒரு கடிதமும் வந்தது. ஒரே திட்டத்தில் நான்கு இடங்களில் புகை எழுந்தும் யாருக்கும் காயம் இல்லாமல் சமாளித்ததற்குப் பாராட்டு. புகைக்கான காரணத்தை மட்டும் ஒரு பத்தியில் எழுதி அனுப்பவும்.

காரணம் எனக்கும் தெரியாது. ரிக் வண்டியின் கம்ப்ரசர் சூடாகியிருக்கும் என்று நினைத்தேன். உறுதி செய்துகொள்ள ரிக் வண்டிக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, அந்த நாலு இடத்துல எதனால புகை வந்தது?"

வண்டிச் சத்தத்துக்கு மேலாகக் கத்திச் சொன்னார்.

"ஏனுங்க, தண்ணி இல்லாததாலதானுங்க பொகை."

"தண்ணி இல்லைன்னா எப்படிப் புகை வரும்?"

"சாமி, கல்லை ஒடைக்கறப்போ தண்ணி இருந்தா சேறா வரும். இல்லீனா மாவாப் பறக்கும். அதைத்தான் பொகைங்கறது. குழி காஞ்சு கெடக்குதுன்னு அர்த்தம்." சிரித்தார். "ஆத்தூர்ல உங்களுக்கு நெல்லு அவிக்கிற பொகைதான் தெரியுமாட்ட இருக்குது."

"அப்ப இஞ்சு?"

"தண்ணி எத்தனை இஞ்சுன்னு. வேறென்னத்துக்குங்க இஞ்சு?"

"காய்ஞ்ச குழியில பம்பு எதுக்கு வெச்சீங்க?"

"பம்பு வெச்சது நானில்லீங்க. அது வேற ஆளு. ஒம்பது பம்பு வந்து எறங்குச்சு, ஒம்பதையும் மாட்டிட்டுப் போய்ட்டாங்க. நான் எழுதித்தானுங்களே குடுத்தேன்."

எழுதித்தான் கொடுத்திருந்தார். தாள்களை மறுபடி எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்பதும் தெளிவாக இருந்தன. அறிக்கைக்கான படிவத்தையும் திறந்தேன். அதன் தலைப்பு 'வளரும் நாடுகளில் சமூகப் பணிகள்'. எத்தனை கிணறுகள், எத்தனை பயனாளிகள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், விபத்து உண்டா, படம் இணைக்கப்பட்டுள்ளதா. எல்லாக் கட்டங்களையும் இரண்டு முறை படித்தேன். தண்ணீர் வந்ததா என்று ஒரு கட்டமும் கேட்கவில்லை. நிரப்பும்போது அப்படி ஒரு கட்டம் இல்லை என்பது எனக்கும் தோன்றவில்லை. நான்கு வருடப் படிப்பில் நீரியலும் படித்தவள் நான்.

மறுநாள் காலை ஒரு தீயணைப்பானை ஸ்கூட்டியில் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு, நான்கு இடங்களில் பக்கத்தில் இருந்த ஒன்றுக்குப் போனேன். பம்பு பால்வாடிக்கு எதிரே இருந்தது. கம்பெனியின் பெயர்ப் பலகை அதன் மேல் பளபளவென்று இருந்தது. கைப்பிடியில் யாரோ பாவாடை காயப்போட்டிருந்தார்கள்.

பால்வாடி டீச்சர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க. நீங்கதானுங்களே பம்பு தொறந்த அன்னிக்குப் போட்டோ எடுத்தது?"

"ஆமாக்கா. இதுல தண்ணி ஒருநாளும் வரலையா?"

"ஒரு சொட்டு வரலீங்க."

"அன்னைக்குக் குடம் நிறைய தண்ணி இருந்ததே?"

"அது பஞ்சாயத்து லாரித் தண்ணிங்க. காலையில புடிச்சு வெச்சிருந்தேன். குடத்தைப் பம்புக்கு நேரா வையுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. உங்க மேனேஜர் பம்ப அடிக்கப் போனாரு. ஆடுனா படம் கலங்கிரும், சும்மா புடிச்சுட்டு நில்லுங்கன்னீங்க."

சொன்னேன். எனக்கு ஞாபகம் இருந்தது. அன்று ஒன்பது ஊர்களிலும் அதையேதான் சொன்னேன். அதனால் ஒன்பது ஊர்களிலும் யாரும் பம்பை அடிக்கவில்லை.

அவர் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். வேறு எதையாவது கேட்க வேண்டும் என்று, "இப்ப லாரி எத்தனை மணிக்கு வருதுக்கா?" என்றேன்.

"லாரியா? அதை நிறுத்தி ரெண்டு மாசமாச்சுங்களே."

"ஏன்?"

"போர் போட்டாச்சுன்னு லிஸ்ட்டு வந்துருக்குதாமா. போர் இருக்கற எடத்துக்கு லாரி உடமாட்டாங்களாம்."

அந்தப் பட்டியலைப் பஞ்சாயத்துக்கு அனுப்பியதும் நான்தான். ஒன்பது வரிகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு டிக்.

சமையலுக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோழிப் பண்ணையின் தொட்டியில் பிடித்துக்கொள்ள விடுகிறார்களாம். பண்ணைக்காரர் நல்லவர், இதுவரை முகம் சுளித்ததில்லை.

"தொட்டியில கோழி மருந்து கலக்கற அன்னிக்கு மட்டும் வேண்டாம்னு மொதல்லயே சொல்லிருவாருங்க. அன்னிக்கு ஒலை வைக்க முடியாது. புள்ளைங்களப் பதினோரு மணிக்கே ஊட்டுக்கு அனுப்பிச்சுருவேன். அம்மாமாரெல்லாம் கூலிக்குப் போயிருப்பாங்க. ஊட்டுல யாரு இருக்கா? வாசல்ல உக்காந்திருக்கும்ங்க, பசியோட."

பண்ணைத் தொட்டியடியில் நீல மூடி போட்ட காலிக் கேன்கள் அடுக்கியிருந்தன. எங்கள் கம்பெனிக் கேன்கள்.

டீச்சர் என் வண்டியில் இருந்த சிவப்பு உருளையைப் பார்த்தார். "இது என்னங்க? கேஸா?"

"தீப்பிடிச்சா அணைக்கறது."

"அதுக்குள்ள தண்ணியா இருக்குது?"

"இல்லக்கா, பவுடர்."

"இதுலயும் இல்லீங்களா" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளைப் பார்க்க உள்ளே போனார்.

கிளை மேலாளரிடம் அன்று மாலையே பேசினேன். மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டு போனேன். பட்டியலைத் திருத்த வேண்டும், தலைமை அலுவலகத்துக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், லாரியைத் திரும்ப விடச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு எழுத வேண்டும். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பொறுமையாகத்தான் பேசினார்.

"ஏம்மா, ஒம்பது போட்டோம்னு சொன்னோம். போட்டோமா இல்லையா?"

"போட்டோம் சார்."

"தண்ணி வரும்னு எங்கயாச்சும் எழுதியிருக்குதா?"

இல்லை. நான் முந்தின நாளே பார்த்துவிட்டேன். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"அப்பறம் என்ன? கம்ப்ரசர் சூடாச்சுன்னு ஒரு பாரா எழுதி முடிச்சுடு."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அந்தப் பத்தி எனக்கு ஏற்கெனவே மனதில் தயாராக இருந்தது. முந்தின நாள் காலை நானாகவே யோசித்து வைத்த அதே காரணம். போன் போடாமல் இருந்திருந்தால் அதைத்தான் எழுதி அனுப்பியிருப்பேன். அதை எழுதவில்லை. திருத்திய பட்டியலை என் பெயரில் தலைமை அலுவலகத்துக்கும் பஞ்சாயத்துக்கும் அனுப்பினேன். ஐந்தில் தண்ணீர் உண்டு, நான்கில் இல்லை, தவறு மொழிபெயர்ப்பில் என்னுடையது, காய்ந்த குழிகளில் பம்பு வைத்தது திட்டத்தினுடையது என்று எழுதினேன்.

மூன்று வாரம் ஆகிறது. டீச்சரின் குடியிருப்புக்கு லாரி மறுபடி வருகிறது, ஆனால் வாரத்தில் இரண்டு நாள். முன்பு தினமும் வந்தது. மற்ற மூன்று இடங்களுக்கு இன்னும் வரவில்லை. தலைமை அலுவலகம் பதில் எழுதவில்லை. அவர்கள் இணையப் பக்கத்தில் ஒன்பது கிணறுகள் என்றே இருக்கிறது, நான் எடுத்த படத்தோடு. என்னை மேலாளர் அறிக்கை வேலையிலிருந்து மாற்றிவிட்டார். லாரி வராத நாளில் பண்ணையில் மருந்து கலந்தால், பால்வாடி பதினோரு மணிக்கு மூடுகிறது.