பத்துக்கு நாலு

என் அப்பாவைப் பற்றி நான் நல்லதாக ஏதாவது சொல்வேன் என்று நினைத்து உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது என் அம்மாவைப் பற்றியது. அப்பாவும் இதில் வருவார். வராமல் எங்கே போவார்? எதிலாவது மூக்கை நுழைக்காவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது.

அம்மாவுக்குச் சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசை வேலை. தைத்து முடித்த சட்டைகள் குவியல் குவியலாக மேசைக்கு வரும். ஒவ்வொன்றையும் முதலில் உள்பக்கமாகத் திருப்ப வேண்டும். வெளிப்பக்கம் எல்லாச் சட்டையும் அழகாகத்தான் இருக்கும், உள்ளே பார்த்தால்தான் யோக்கியதை தெரியும் என்பாள். தையல் விட்ட இடத்திலும் எண்ணெய்க் கறை பட்ட இடத்திலும் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஆல்டருக்கு, அதாவது திருத்தத்துக்கு, திருப்பி அனுப்ப வேண்டும். அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. தைத்தது யார் என்று பார்த்துவிட்டு அம்பு ஒட்டக் கூடாது. சூப்பர்வைசரின் மச்சினி தைத்திருந்தாலும் கோணல் கோணல்தான். நின்று நின்று கால் நரம்பெல்லாம் முடிச்சுப் போட்டுக்கொண்ட பிறகும் அம்மா அந்தச் சட்டத்தை ஒருநாள்கூட மீறியதில்லை.

அவள் புத்தகம் படிப்பதும் இதே மாதிரிதான். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படிப்பாள். உட்கார இடம் கிடைக்காவிட்டால் கம்பியில் முழங்கையைக் கோத்துக்கொண்டு நின்றபடியே படிப்பாள். சொந்தப் புத்தகமாக இருந்தால், பொய்யாகப் படுகிற இடத்தில் ஓர் அம்பு. மீந்துபோன ஸ்டிக்கர் சுருளை சூப்பர்வைசரிடம் கேட்டே வாங்கி வருவாள். படித்து முடித்ததும் பத்துக்கு மார்க். வருஷத்துக்கு ஒரு தாள், சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும். புத்தகத்தின் பெயர், மார்க், பக்கத்தில் ஒரே ஒரு வரி.

அந்த ஒரு வரிக்காகவே நான் அலமாரியைத் திறப்பேன். "பாதி வரைக்கும் தங்கம், அப்புறம் தகரம். ஐந்து." "அழவைக்கப் பார்க்கிறார், எனக்குக் கொட்டாவி வந்தது. மூன்று." "கொலை செய்தது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, போலீசுக்குத்தான் கடைசி வரை தெரியவில்லை. நாலு." ஒரு சமையல் புத்தகத்துக்கு இரண்டு போட்டிருந்தாள். "எதிலுமே உப்பு எவ்வளவு என்று சொல்லவில்லை. இவர் வீட்டில் யார் சமைக்கிறார்கள்?" பத்து யாருக்கும் கிடைத்ததில்லை. ஒன்பது, என்றைக்காவது குறிஞ்சி பூத்த மாதிரி.

வருஷக் கடைசியில் அந்தத் தாளைப் பார்த்து இன்னொன்று எழுதித் தொழிற்சாலை கேன்டீன் சுவரில் ஒட்டுவாள். செக்கிங் மேசைப் பெண்கள் அதைப் பார்த்துத்தான் புத்தகம் கேட்டு வாங்குவார்கள். அவர்களில் ஒருத்திக்குக் கத்திரி அக்கா என்று பெயர். நூல் வெட்டுகிற கையும் வேகம், வாயும் வேகம். அவள் ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "உங்கம்மா ஏழு போட்டா நான் கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடுவேன். ஊர்ல யாரு வாயை நம்பறது சொல்லு? கடைக்காரன் எல்லாமே நல்ல சரக்குங்கறான். எம்புருஷன் எதைக் கேட்டாலும் சூப்பர்ங்கறான். உங்கம்மா ஒருத்திதான் மூஞ்சிக்கு நேரா மூணுங்கறா."

வீட்டில் இதற்கெல்லாம் என்ன மரியாதை தெரியுமா? "புத்தகம் சோறு போடுமா?" இதுதான் மரியாதை. நான் பேசக் கற்றுக்கொண்டதிலிருந்து அப்பா வாயிலிருந்து கேட்டது இது. அம்மா புத்தகத்தைக் கையில் எடுத்தால் போதும், அவருக்குத் தண்ணீர் தாகம் எடுக்கும், சட்டைப் பொத்தான் அறுந்துபோகும், மூக்குக்கண்ணாடி காணாமல் போகும். தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவள் எழுந்து போய் அவர் நெற்றியில் இருக்கும் கண்ணாடியைக் காட்டுவாள். எனக்கு ரத்தம் கொதிக்கும். "நீ ஏன்மா எழுந்திருக்கற?" என்றால், "பக்கத்துக்கு அடையாளம் வெச்சுட்டுதானே எழுந்தேன்" என்பாள்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு புத்தகம் எழுதினார்! கிடங்கில் சரக்கு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி, சேமிப்பைத் துடைத்து அச்சடித்தும்விட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, போகட்டும். அச்சகத்திலிருந்து வந்த முதல் பிரதியை அம்மா கையில் கொடுத்து, "படிச்சுப் பாரு. உன் லிஸ்ட்ல மேல வரும்" என்றார். அம்மாவுக்கு உண்மையிலேயே சந்தோஷம். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, அன்றைக்கே பஸ்ஸுக்கு எடுத்துப் போனாள்.

ஒரு வாரம் கழித்து அலமாரிக் கதவில் அப்பாவின் புத்தகம் ஏறியிருந்தது. மார்க் நாலு. பக்கத்தில் எழுதுகிற ஒரு வரி மட்டும் இல்லை, அந்த இடம் காலியாக இருந்தது.

வீடு ரெண்டுபட்டது. "நாலா? நாலு! போலீசுக்கே துப்புத் தெரியாத கதைக்கு நாலு, கட்டின புருஷனுக்கும் நாலா?" என்று அப்பா கத்தினார். அப்பாவின் தங்கை, என் அத்தை, செய்தி கேட்டு ஓடி வந்தாள். "ஏன் அண்ணி, நம்ம வீட்டு மனுஷன் இல்லையா? ஒரு எட்டு, ஒன்பது போட்டா உங்க கை தேய்ஞ்சா போகும்?" என்று மூக்கைச் சிந்தினாள்.

"தெச்சது யாருன்னு பார்த்து அம்பு ஒட்ட மாட்டோம்" என்றாள் அம்மா, காய் நறுக்கிக்கொண்டே. "என் மார்க்கை நம்பி நாலு பேர் படிக்கறாங்க. இன்னிக்கு இதுக்குக் கூட்டிப் போட்டா, நாளைக்கு நான் எதுக்குப் போட்டாலும் சந்தேகம்தான்."

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் அச்சகத்திலிருந்து வெளியீட்டு விழா அழைப்பிதழ் கட்டு வந்தது. பிரித்துப் பார்த்தவள் நான்தான். நல்ல தடித்த எழுத்தில், ஒரு பூ வளையத்துக்குள், "தேர்ந்த வாசகியான என் மனைவி பத்துக்கு ஒன்பது வழங்கிய நூல்" என்று போட்டிருந்தது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அப்பா, என்ன இது? அம்மா எப்ப ஒன்பது குடுத்தாங்க?"

"அவ படிக்கறதுக்கு முன்னாடியே அச்சுக்குக் குடுத்தாச்சு. குடுப்பான்னு நம்பிக் குடுத்தேன். தப்பா?"

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! அவள் மார்க்கை அவளைக் கேட்காமல் இவர் அள்ளி வழங்கியிருக்கிறார், இதில் தப்பா என்று கேள்வி வேறு. அம்மா அழைப்பிதழை வாங்கி ஒருமுறை படித்தாள். "அச்சடிச்சுட்டா மார்க் மாறிடுமா?" என்று மட்டும் கேட்டாள். அப்பாவுக்குக் குரல் இறங்கிவிட்டது. "இந்தா பாரு, மேடையில பேராசிரியர் உன்னைக் கூப்பிட்டு மார்க் கேட்பார். அப்படித்தான் ஏற்பாடு. ஒன்பதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நாலு பேருக்கு முன்னாடி என் மானத்தை வாங்கிடாதே."

அந்த வாரம் முழுக்கப் பஸ்ஸில் அவள் எதையும் படிக்கவில்லை என்று கத்திரி அக்கா என்னிடம் சொன்னாள். ஒரு சொல்லுக்காக அவளை இந்தப் பாடு படுத்துகிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

விழா, குடியிருப்புச் சங்கக் கூடத்தில், ஞாயிறு காலையில். முன்வரிசையில் அப்பாவின் கிடங்கு நண்பர்கள், கடைசி வரிசைகளில் அழைப்பிதழில் ஒன்பதைப் பார்த்து நம்பி வந்த செக்கிங் மேசைப் பெண்கள். புத்தகங்களைப் பளபளக் காகிதத்தில் சுற்றுகிற பொறுப்பு அத்தைக்கு. கடைசி நேரத்தில் ஒரு பிரதி குறைந்திருக்கிறது. அத்தை என்ன செய்தாள்? சமையலறை மேசையில் கிடந்ததை எடுத்து, காலண்டர் அட்டையை உரித்துப் போட்டுவிட்டு, பளபளவென்று சுற்றிக் கொண்டுவந்துவிட்டாள். உள்ளே ஒரு தடவை புரட்டிப் பார்த்தாளா? அவள் எந்தப் புத்தகத்தைத்தான் புரட்டியிருக்கிறாள்!

தலைமை தாங்க வந்த பேராசிரியர் ஓய்வு பெற்றவர், நல்ல கணீர்க் குரல். காகிதத்தைப் பிரித்தார், புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார், கைதட்டினோம். பக்கங்களைப் புரட்டியவர் புருவத்தை உயர்த்தினார். "அடடே, இதுல அங்கங்க சிவப்பு அம்பு ஒட்டியிருக்கே!"

அது அம்மாவின் பிரதி! அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவுக்கு அது எந்தப் பிரதி என்றே தெரியாது. அந்த ஸ்டிக்கர் இத்தனை வருஷமாக அவர் வீட்டில்தான் கிடக்கிறது, அது எதற்கு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கம் உண்டா? எழுந்து நின்று, "முக்கியமான இடங்கள் ஐயா. உங்களுக்காக விசேஷமா ஒட்டச் சொன்னேன்" என்றார்.

"பிரமாதம்! அப்ப அதையே படிச்சுடறேன்" என்றார் பேராசிரியர்.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கணீரென்று ஆரம்பித்தார். "என் மனைவிக்கு வாசிப்பின் ருசியை முதன்முதலில் காட்டியவன் நானே."

கடைசி வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். அது கத்திரி அக்கா என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். சிவப்பு அம்பு என்றால் என்னவென்று அந்த வரிசைகளில் தெரியாதவர்கள் இல்லை. ரசிக்கிறார்கள் என்று நினைத்துப் பேராசிரியர் உற்சாகமாக அடுத்த அம்புக்குப் போனார். "வீட்டு வேலைகளில் நான் என்றுமே பேதம் பார்த்ததில்லை." இந்த முறை மொத்த வரிசையும் சிரித்தது. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவும் புரியாமலே கூடச் சிரித்தார்.

மூன்றாவது அம்பு. "வேலையிழந்து நின்ற அந்த இரண்டு ஆண்டுகளும் யாரிடமும் கையேந்தாமல் என் ஒருவன் உழைப்பில் குடும்பத்தைக் காப்பாற்றினேன்."

யாரும் சிரிக்கவில்லை. கிடங்கில் அவரைத் திரும்ப எடுக்கும்வரை அந்த இரண்டு வருஷமும், கம்பெனியில் ஓவர்டைம் கேட்ட நாளெல்லாம் அம்மா நின்றாள். பக்கத்து மேசைப் பெண்கள் தங்கள் சாப்பாட்டிலிருந்து எடுத்து அவள் டப்பாவில் வைத்தார்கள். வைத்தவர்கள் அந்தக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார், அதுவும் அந்தச் சோற்றைப் போட்டவர்கள் முன்னாலேயே! கத்திரி அக்கா முகம் சிவந்து எழுந்திருக்கப் போனாள். அம்மா திரும்பி அவளைப் பார்த்து, உட்கார் என்று கையைக் காட்டினாள்.

சிரிப்பு நின்றதும் பேராசிரியருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டு, "சரி, வாசகியையே கூப்பிட்டுடுவோம். வாங்கம்மா, மார்க்கை உங்க வாயால சொல்லுங்க" என்றார்.

அம்மா மைக் முன்னால் போய் நின்றாள். அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கண்ணாலேயே கெஞ்சினார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. ஒன்பது என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொல்லிவிட்டால் அடுத்த நாள் எந்த முகத்தோடு அந்தக் கேன்டீன் சுவரைப் பார்ப்பாள்?

"நாலு" என்றாள் அம்மா.



"அழைப்பிதழ்ல இருக்கறது என் மார்க் இல்லை. அதை நம்பி யாராவது வந்திருந்தா மன்னிச்சுக்கோங்க. அம்பு ஒட்டினது எல்லாம் ஆல்டருக்குப் போக வேண்டிய இடம். ஆனா நாலு சும்மா போடலை. இவருக்கு வேலை போனதும் முதல் மாசம் வீட்ல சொல்லாம, தினமும் டிபன் பாக்ஸோட கிளம்பி ஆஸ்பத்திரி வரவேற்பறையில போய் உட்கார்ந்திருப்பாராம். யாருக்காகக் காத்திருக்கீங்கன்னு ஒரு நர்ஸ் கேட்டதும் அழுதுட்டாராம். அந்த அத்தியாயத்தை நான் உள்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு அம்புகூட ஒட்ட முடியலை. நாலும் அதுக்குத்தான்."

இறங்கி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் கைதட்டியது கத்திரி அக்கா. அப்பா தட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, "எல்லாம் என் தலையெழுத்து, நான் சுத்தின காகிதம்தான் காரணம்" என்று ஒப்பாரி வைக்கத் தொடங்க, நான் அவளை ஆட்டோ ஏற்றி அனுப்பிவிட்டு வந்தேன். நானாக இருந்தால் சைபர் போட்டிருப்பேன், அதையும் மைக்கிலேயே சொல்லியிருப்பேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாய் துடித்தது. உள்ளே போனால், அப்பா சமையலறை மேசையில் அந்த அம்புப் பிரதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அலுமினியப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆஸ்பத்திரி அத்தியாயம்..." என்று அப்பா இழுத்தார். "நெஜமாவே நல்லா வந்திருக்கா?"

நான் என் அம்மாவை அவ்வளவு கோபமாக அதற்கு முன் பார்த்ததில்லை. கூடத்தில் பேசும்போதுகூட அவள் குரல் நடுங்கவில்லை, இப்போது நடுங்கியது.

"நல்லா வந்திருக்கு. அந்த மாசம் உங்க டிபன் பாக்ஸைக் கழுவும்போதெல்லாம் மருந்து வாடை அடிச்சது. என்னங்க இதுன்னு கேட்டேன். கிடங்குல பினாயில் ஊத்தறாங்கன்னு சொன்னீங்க. நான் கேட்டேன் இல்லை? ஒருத்தி பக்கத்துல உட்கார்ந்து கேட்டா இல்லை? அதை அச்சடிச்ச புத்தகத்துல, பஸ்ல நின்னுக்கிட்டுப் படிச்சுத்தானா நான் தெரிஞ்சுக்கணும்?"

அப்பா புத்தகத்தை மூடினார். அம்மா பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.