மந்திரிக்கு ஊசி போட்ட மறுநாள்

டெல்லி லோதி ரோட்டில் அரசாங்கக் குடியிருப்பு ஒன்றின் பின்வாசலில் இட்லி வண்டி போட்டிருக்கும் சந்திரசேகருக்கு நாய் விஷயத்தில் ஒரு கர்வம் உண்டு. சின்ன சேலத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன். படிப்பு ஏறவில்லை. இந்தியும் அரைகுறைதான். ஆனால் அந்தக் குடியிருப்பில் யார் வீட்டு நாய் நொண்டினாலும் சொறிந்தாலும் அவனைத்தான் கேட்பார்கள். பெரிய ஆபீசர்கள் இட்லித் தட்டும் கையுமாக நின்று, "சேகர், எங்க நாய் புல்லா திங்குதே, ஏன்?" என்பார்கள். அவன் உடனே பதில் சொல்ல மாட்டான். சாம்பாரை ஒரு கலக்குக் கலக்கி, அவர்களைக் கொஞ்சம் காக்கவைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். நாள் பூராவும் அடுப்பில் வேகிறவனுக்குக் கிடைத்த ஒரே குளிர்ச்சி அது.

வண்டியோடு ஒட்டிக்கொண்ட செம்மண் நிறத் தெருநாய்க்கு மந்திரி என்று பேர் வைத்தவனும் அவன்தான். ஆபீஸ் போகிறவர்களெல்லாம் குனிந்து அதன் தலையைத் தடவிவிட்டுப் போவார்கள். அதுவோ யாருக்கும் எழுந்திருக்காது. வேறென்ன பேர் வைப்பது?

இரண்டாம் மாடி ஷ்வேதா, தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட ஒரு டாக்டரைக் கூட்டிவந்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்து, நொய்டாவில் ஒரு டி.வி. கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். மந்திரியைப் பிடித்துக் கொடுக்கச் சேகரை விட்டால் ஆளில்லை. அவன் அதைக் கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, கழுத்துச் சதையைத் தூக்கிக் காட்டினான். டாக்டர் ஊசியைக் குத்தி எடுத்தது நாய்க்கே தெரியவில்லை. நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"அங்கிள், ஒரு நிமிஷம் கேளுங்க," என்றாள் ஷ்வேதா. "இன்னிக்கு, நாளைக்கு டல்லா இருக்கும். லேசா ஃபீவர் வரலாம். சாப்பிடாது. ஊசி போட்ட இடம் வீங்கி வலிக்கும், அங்க தொடாதீங்க. மூஞ்சி வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, வாந்தி எடுத்துக்கிட்டே இருந்தாலோ மட்டும் உடனே எனக்கு போன் பண்ணுங்க."

"எனக்கேவா பாப்பா பாடம்?" என்று சிரித்தான் சேகர். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் சொன்னதை அவன் காது வாங்கியது, மனசு வாங்கவில்லை.

மறுநாள் காலையில் மந்திரி வண்டிப் பக்கம் வரவில்லை. நிறுத்தியிருந்த ஒரு காருக்கடியில் சுருண்டு கிடந்தது. சேகர் விசில் அடித்தான், காதைக்கூட அசைக்கவில்லை. சூடான இட்லியை மூக்குக்கு நேரே போட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அண்டர் செகரட்டரி ஜகந்நாதன் அப்போதுதான் தட்டை வாங்கியிருந்தார். "என்னப்பா சேகர், உன் மந்திரி ராஜினாமா பண்ணிடுத்தா?"

"நான் கூப்பிட்டா வராம எங்க சார் போகும்?"

"பத்து தடவை கூப்பிட்டாச்சே. நீ எதிர்க்கட்சியோ என்னமோ!"

வண்டியைச் சுற்றி ஒரே சிரிப்பு. சேகருக்குச் சுருக்கென்றது. விடுவிடுவென்று போய்க் குனிந்து, எப்போதும் பிடிக்கிற மாதிரியே கழுத்துச் சதையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். விரலுக்கடியில் ஒரு கட்டி தட்டுப்பட்டது, சூடாக, எலுமிச்சங்காய் கணக்காக. அது என்னவென்று யோசிப்பதற்குள் மந்திரி வீலென்று கத்தித் திரும்பி அவன் கையைக் கவ்விவிட்டது. மறுகணமே விட்டும் விட்டது. புறங்கையில் ரத்தம் கோடாக இறங்கியது.

"அட! உன்னையே கடிச்சுடுத்தே!" என்றார் ஜகந்நாதன்.

வலிக்கிற இடத்தில் கை வைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கட்டி தட்டுப்பட்டபோதே அவனுக்குப் பாதி புரிந்துவிட்டது. ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோறு போட்டவன் கையையே கடித்த நாய், நாயைப் பற்றி எல்லாம் தெரிந்த ஆள். இந்த இரண்டும் சேர்ந்து நிற்க முடியாதே.

"பாகல் ஹோ கயா!" என்று கத்தினான் சேகர். "வெறி பிடிச்சிடுச்சு சார்! எல்லாம் நேத்துப் போட்ட ஊசி. எனக்கு அப்பவே சந்தேகம்."

வேறு யாராவது சொல்லியிருந்தால், நிஜமா என்று சேகரிடம் வந்து கேட்டிருப்பார்கள். சேகரே சொன்ன பிறகு யாரைக் கேட்பது?

ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகளை அம்மாக்கள் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். குடியிருப்புக் காவல்காரன் திவாரி லத்தியோடு வந்தான். டிரைவர் ஒருத்தன் செங்கல்லை எடுத்தான். மந்திரி ஸ்கூட்டர் கொட்டகைக்குள் பாய்ந்தது. பின்னாலேயே கூட்டமும் போனது.

சேகர் வண்டியருகே நின்று கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி லதா, மாவுக் கரண்டியைப் போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"யோவ், அதுக்கு வெறியா?"

"எனக்கு என்ன தெரியும்?"

"உனக்கா தெரியாது? ஊரே உன்னைக் கேட்டுட்டுத்தான் நாயைக் குளிப்பாட்டுது. உனக்கா தெரியாது?"

கொட்டகையில் தகரம் அதிர்ந்தது. கூடவே ஒரு ஊளை. அடிபட்ட நாயின் ஊளை வேறு, வெறிநாயின் ஊளை வேறு. அது தெரிந்தவன் சேகர்.

அப்புறம் அவன் நிற்கவில்லை. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் திவாரிக்கும் நாய்க்கும் நடுவில் நின்றான். ஓங்கிய லத்தி அவன் தோளில் விழுந்தது.

"ஹட் ஜாவோ, அண்ணா! பாகல் குத்தா!" என்று திவாரி அவனை விலகச் சொல்லிக் கத்தினான்.

"பாகல் இல்ல. அடிக்காதே."

"நீதானேப்பா சொன்னே?" பின்னாலிருந்து ஜகந்நாதனின் குரல்.

சேகர் திரும்பினான். எல்லோரும் தெரிந்த முகங்கள். அவனிடம் யோசனை கேட்ட முகங்கள். "நான்தான் சார் சொன்னேன். பொய் சொன்னேன். ஊசி போட்ட இடத்துல பிடிச்சு இழுத்தேன், அது வலி தாங்காம கடிச்சுது. நீங்க எல்லாம் சிரிச்சீங்க. மானம் போயிடும்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

திவாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் லத்தியைத் தாழ்த்தினான். "அரே அண்ணா," என்று மட்டும் சொன்னான். அந்த இரண்டு வார்த்தைக்குச் செருப்படி தேவலாம்.

ஷ்வேதா தலை வாராமல் ஓடிவந்தாள். தள்ளி உட்கார்ந்தபடி மந்திரியை நிதானமாகப் பார்த்தாள். "மூஞ்சி வீங்கல. மூச்சு நார்மல். ஃபீவர், அப்புறம் ஊசி வலி, அவ்ளோதான். ரெண்டு நாள்ல தானா சரியாயிருக்கும்." அவள் கண் அடிபட்ட பின்னங்காலில் நின்றது. "இந்தக் கால்தான்..." டாக்டருக்கு போன் போட்டாள்.

அவள் திட்டுவாள் என்று சேகர் காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அங்கிள், கையை சோப்பு போட்டு நல்லா கழுவுங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கணும்."

"அதுக்குத்தான் வெறி இல்லையே பாப்பா?"

"இல்லாட்டியும் பல் பட்டா போட்டுக்கணும்."

சரிம்மா என்றான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று புஜத்தில் ஊசி போட்டுக்கொண்டு வந்தான். மறுநாள் புஜம் கனத்தது, உடம்பு கொதித்தது, வாய் கசந்தது. எழுப்ப வந்த லதா தெரியாமல் அந்தக் கையைத் தொட்டுவிட்டாள். "தொடாதடீ!" என்று சீறினான். சீறிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள். சேகர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

மந்திரிக்குக் காய்ச்சல் விட்டது, கட்டி வற்றியது. கால்தான் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டியது. வண்டிக்கு மறுபடி வர ஆரம்பித்தது. ஆனால் சேகர் நிற்கிற பக்கம் வராது. லதா இலையில் இட்லியைப் பிட்டு வைத்தால், சற்றுத் தள்ளி நின்று சேகரையே பார்க்கும். அவன் அசைந்தால் பின்வாங்கும்.

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ," என்றாள் லதா. "அப்பதான் சாப்பிடும்."

சேகர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். பின்னால் மெதுவாக நக்குகிற சத்தம் கேட்டது.

ஜகந்நாதன் வந்தார். "என்னப்பா, காலங்கார்த்தால எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிண்டு நிக்கறே?"

"உங்களுக்கு இல்ல சார்," என்றான் சேகர், திரும்பாமல். "அது சாப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் உங்களுக்குப் போடறேன்."

அவர் தட்டைக் கேட்கவில்லை. மந்திரி சாப்பிட்டு முடிக்கும்வரை அவரும் சும்மா நின்றார்.