சைலன்சர் பக்கத்தில் பிளாஸ்டிக் குழாய்

கிங்ஸ் சர்க்கிளில் பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது என் பழைய லாரியில் பிரேக் பிடிக்கவில்லை. ஓரச் சுவரில் மோதித்தான் நிறுத்தினேன். பிள்ளைகள் தப்பினார்கள். குனிந்து பார்த்தேன். தாராவிப் பட்டறை மேஸ்திரி, பிரேக்குக்குக் காற்று போகும் செம்புக் குழாயைக் கழற்றிவிட்டுப் போட்ட பிளாஸ்டிக் குழாய், சைலன்சர் சூட்டில் உருகித் தொங்கியது.

லாரியை அங்கேயே விட்டுவிட்டு நேராக அவர் பட்டறைக்குப் போனேன்.

"செம்பு போன வழியிலதானவே போட்டேன்? டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சுத்தான அனுப்புனேன்?" என்றார் மேஸ்திரி.

"செம்பு சூடு தாங்கும்வே. இது தாங்குமா?"

அவர் கை நிற்கவில்லை. அடுத்த லாரியிலும் சைலன்சரை ஒட்டியே அதே குழாயைப் பூட்டிக்கொண்டிருந்தார். பிடுங்கி எறிந்தேன். அந்த லாரியின் டிரைவர் என்னை அறைந்தான்.

"என் வண்டியில கை வைக்க நீ யாருல?"

அந்த அறை அன்றே மறந்துபோனது. மேஸ்திரியிடம் திரும்பி, அதே இடத்தில் மறுபடி பூட்டச் சொன்னானே, அதுதான் இன்றும் மறக்கவில்லை.