ஏரி தெரியும் ஜன்னல்

சுவிட்சர்லாந்தில் துன் ஏரியின் வடகரையில் உள்ள ஒரு ஓட்டலில் என் அக்காவின் கணவர் ஐந்து ஆண்டுகள் சமையல் வேலை பார்த்தார். இந்தியாவிலிருந்து கூட்டமாக வரும் சுற்றுலாக்காரர்களுக்குச் சாம்பாரும் சப்பாத்தியும் செய்து போடும் வேலை. அதற்கு முன் எங்கள் ஊரைச் சுற்றி மதகடிப்பட்டு, கரையாம்புத்தூர் பக்கம் கல்யாணங்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தவர். போன ஆண்டு அங்கேயே மாரடைப்பில் இறந்தார். உடல் பெட்டியில் வந்தது. கிருமாம்பாக்கத்தில் அக்கா வீட்டு வாசலில் அரை மணி நேரம் இருந்தது. பிறகு ஆண்கள் எடுத்துக்கொண்டு போனோம். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. அக்கா தெருமுனை வரை வந்து நின்றுவிட்டாள்.

இந்தப் பயணம் அதனால்தான். “அவரு கடைசியா இருந்த எடத்தையாவது பாக்கணும்டா” என்றாள். “அந்த ஜன்னலாண்ட ஒருவாட்டி நின்னுட்டு வந்துடறேன்.”

மாமா வாரத்துக்கு ஒரு படம் அனுப்புவார். நீல ஏரி, எதிர்க்கரையில் முக்கோணமாக எழும் நீசன் மலை. எல்லாப் படமும் ஒரே காட்சிதான். பனியும் வெயிலும் மட்டும் மாறும். “ரூம் ஜன்னலத் தொறந்தா இதான்” என்று முதல் படத்தோடு சொல்லியிருந்தார். அக்கா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தச் சுவரைப் பார்க்காமல் போக முடியாது.

ஒரு நாளிதழில் பல ஆண்டுகள் படங்களுக்குக் கீழே விளக்கம் எழுதியவன் நான். எடுத்தவர் எங்கே நின்றார் என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஒரு படத்தின் கீழ் ஓரத்தில் ஈரமான மரப்பலகை விரல் அகலத்துக்குத் தெரிந்தது. கரைக்கல் மிக அருகில் இருந்தது. அது ஜன்னலிலிருந்து எடுத்த படமில்லை. விசாவுக்குச் சென்னை போவதற்கு முன்பே எனக்கு இது தெரியும். அக்காவிடம் சொல்லவில்லை.

அறையைக் காட்டுவதாகச் சொல்லியிருந்த, மாமாவோடு வேலை பார்த்த திண்டிவனத்துக்காரருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த நான்காம் நாள்தான் விடுமுறை. அதுவரை ரயிலுக்கும் படகுக்கும் சேர்த்து வாங்கிய பயண அட்டை எங்கெல்லாம் செல்லுமோ அங்கெல்லாம் போனோம். தங்கியது இளைஞர்கள் தங்கும் விடுதியில். ஒரே அறையில் ஆறு பேர், அடுக்குக் கட்டில். அக்காவுக்குக் கீழ்க்கட்டில். காலையில் பொதுச் சமையலறையில் ரவையைக் கிளறிப் பொட்டலம் கட்டிக்கொள்வாள். ஊரிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாய் கூட. தெருவில் கல்தொட்டிகளில் விழும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொள்வோம்.

பெரிய மலை உச்சிகளுக்கு அட்டை செல்லாது. பியாட்டன்பெர்க் என்ற மலையூருக்குச் கம்பிவடம் இழுக்கச் செங்குத்தாக ஏறும் ரயிலுக்குச் செல்லும். அதில் ஏறினோம்.

“இன்னாடா இது, ஏணியச் சாச்சி வச்சி அதுமேல ரயில வுட்டுக்கினு இருக்கானுங்க.”

மேலே போனதும் கைப்பேசிப் படத்தையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்தாள். “இங்கேருந்து இல்ல. இங்க ஏரி கீழ தாவுல கெடக்குது.” எந்த ஊரில் இறங்கினாலும் அவள் ஜன்னல்களைத்தான் பார்த்தாள். படகில் போகும்போது மட்டும் தண்ணீரைப் பார்த்தாள்.

“நம்ம பாகூர் ஏரி மாதிரி எத்தினி ஏரிய இதுல கொட்டலாம். இவ்ளோ தண்ணி கெடக்குது, ஒருத்தனும் ஒரு காணி நெல்லு நடல பாரு.”

நான்காம் நாள் படகுத்துறையிலேயே திண்டிவனத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அக்காவின் பையை வாங்கிக்கொண்டார். ஓட்டலின் முன்வாசல் ஏரியைப் பார்த்தது. அவர் எங்களைப் பின்பக்கம் அழைத்துப் போனார். சமையலறையைத் தாண்டி ஒரு படிக்கட்டு கீழே இறங்கியது.

“அண்ணி, ரூமு சின்னது” என்றார்.

“இருக்கட்டும்பா.”

அறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமாக இருந்தது. இரண்டு கட்டில், இரண்டு அலமாரி, சூடாக ஹீட்டர். கூரையை ஒட்டி முறம் அளவுக்கு ஒரு கண்ணாடித் திறப்பு. அதில் நிறுத்தியிருந்த ஒரு காரின் சக்கரம் தெரிந்தது. அக்கா அதன் கீழே போய் அண்ணாந்து நின்றாள். ஒருவர் ஷூக்காலோடு கடந்து போனார்.

“ஜன்னலு?” என்றாள்.

திண்டிவனத்துக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“இதான் அண்ணி. அண்ணன் எடுக்குற படம்லாம் வெளிய பெஞ்சுலேருந்து. இங்க டவர் கெடைக்காது. மதிய வேல முடிஞ்சதும் ரெண்டரைக்கு போன எடுத்துக்கினு அங்க போயிடுவாரு.”

“மழைல?”

“கொட பிடிச்சிக்குவாரு.”

“பனில?”

“பெஞ்சுல இருக்குற பனியத் தட்டிட்டு ஒக்காருவாரு. நாங்க கிண்டல் பண்ணுவோம், அண்ணிக்கு அவ்ளோ பயமான்னு.”

அவர் சிரிக்கப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை. மாமா படுத்திருந்த கட்டில் எது என்று கேட்டாள். காட்டினார். விரிப்பை ஒருமுறை தடவிவிட்டுப் படியேறி வெளியே வந்தாள்.

பெஞ்சு படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்தது. உட்கார்ந்ததும் எதிரே நீசன். சட்டம் போட்ட படத்தில் இருந்தது இருந்தபடி.

“உனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியும். படத்துல பலகை தெரிஞ்சுது.”

“சொல்லியிருக்கலாம் இல்ல.”

“சொன்னா வந்திருக்க மாட்ட.”

“வந்திருப்பன்டா.” ஏரியைப் பார்த்தபடி சொன்னாள். “இங்க ரெண்டரைன்னா நமக்கு சாயந்தரம். அப்பதான் மாட்டக் கட்டணும், பால் கறக்கணும். போன எடுத்து, இருங்க வரேன்னு வச்சிட்டுப் போயிடுவேன். பத்து நிமிஷம், கால் மணி. திரும்பி வந்தா லைன்லதான் இருப்பாரு. கதகதன்னு ரூமுல ஜன்னலாண்ட குந்திக்கினு கெடக்குறாரு, இருக்கட்டுமேன்னு நெனப்பேன். நான் மாட்டாண்ட போனா, சீக்கிரம் வான்னு ஒருநாள் கூட அவரு சொன்னதில்லடா.”

மே மாதம்தான். ஆனாலும் ஏரிக்காற்று ஸ்வெட்டருக்குள் இறங்கியது.

இரண்டரை ஆனதும் என் கைப்பேசியைக் கேட்டாள். வீட்டில் மகள் எடுத்தாள். பின்னால் மாடு கத்துவது எனக்கும் கேட்டது.

“அம்மா, எங்க இருக்கீங்க? ஜன்னலப் பாத்தியா? ஐயோ, இரும்மா, கன்னு அவுத்துக்கினு பூட்டுது, தோ வந்துடறேன்.”

“போ, மெதுவா வா” என்றாள் அக்கா.

கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். நாங்கள் திரும்ப வேண்டிய படகு வந்து நின்று, ஆட்களை இறக்கி ஏற்றியது. நான் எழுந்தேன். அவள் கையை மட்டும் அசைத்து உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். படகு போயிற்று. மகள் இன்னும் திரும்பி வரவில்லை. அக்கா மலையைப் பார்த்தபடி லைனில் இருந்தாள்.