கடைசிப் பாகம் பதிவாகவில்லை

நெவில் லார்ட்டர் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் தெரிவது அவருடைய உள்ளங்கை. வரவேற்க அல்ல, வாயை அடைக்க. "பதிவு போட்டிருக்கேன், இன்னும் பார்க்கல, சொல்லிடாதீங்க" என்பதற்கு அதுதான் அவருடைய சைகை. நார்ஃபோக் கடலோரத்தில் அந்தச் சின்ன ஊரில் எல்லோருக்கும் அது பழக்கம். கால்பந்து இறுதி ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் அவர் மதுக்கடையைக் காதில் விரலை வைத்துக்கொண்டுதான் கடப்பார். உள்ளே இருப்பவர்கள் வேண்டுமென்றே ஜன்னலைத் திறந்து, "நெவ், ரெண்டுக்கு..." என்று ஆரம்பிப்பார்கள். எழுபத்தாறு வயதில் அவர் ஓடுவார்.

எல்லாம் பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையில் தொடங்கியது. நெவில் அங்கே எடைமேடையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தார். அறுவடை மாதங்களில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. பிடித்த நிகழ்ச்சி எதையும் அதற்குரிய நேரத்தில் பார்க்க முடியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் முதல் வீடியோ ரெக்கார்டரை வாங்கினார். மனைவி யூனா பள்ளிச் சமையலறையில் வேலை முடிந்து மூன்று மணிக்கே வீட்டில் இருப்பாள். அவள் நேரடியாகவே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. டேப்பைப் போட்டுவிட்டு, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருவர் பார்க்காமல் மற்றவர் பார்ப்பதில்லை, ஒருவருக்கு மற்றவர் முடிவைச் சொல்வதுமில்லை. நெவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், டேப் போய் உள்ளே வட்டு வைத்த பதிவுப் பெட்டி வந்தது. அந்த விதி மட்டும் மாறவில்லை. அதை அன்பு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டு வழக்கம் என்றே நினைத்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிப் பெரிய மனிதர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நெவில் அதில் ஒரு வரியும் படித்ததில்லை. படித்திருந்தாலும் அந்த ஜூன் மாதத்தில் அது அவருக்கு உதவியிருக்காது.

பிப்ரவரியில் யூனாவை டவுன் மருத்துவமனையில் சேர்த்தார்கள். வயிற்றில் கட்டி. மே மாதம் டாக்டர் நெவிலை நடைவழியில் நிறுத்தி "வாரங்கள்" என்றார். ஜூன் நடுவில் அதே இடத்தில் நிறுத்தி "நாட்கள்" என்றார்.

அப்போது ஒரு கனடா துப்பறியும் தொடர் போய்க்கொண்டிருந்தது. ஞாயிறு மாலை எட்டு மணி, மொத்தம் எட்டுப் பாகம். பனி மூடிய ஒரு துறைமுகத்தில் மாட்டு டாக்டரை யாரோ கொன்றுவிடுகிறார்கள். யூனாவுக்குப் படகோட்டியின் தங்கைமேல் சந்தேகம். பெட்டியில் பதிவானது அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். வேறெதிலும் ஏற்ற முடியாதபடி பூட்டுப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நெவில் பெட்டியையே கழற்றி, குளியல் துண்டில் சுற்றி, சக்கரம் வைத்த கடைப்பையில் வைத்து பஸ் ஏறுவார்.

ஓட்டுநர் க்ளென் கதவைத் திறக்கும்போதே ஆரம்பிப்பான்: "பெரியவரே, யார் கொன்னதுன்னு சொல்லட்டுமா?"

நெவிலின் உள்ளங்கை எழும். பஸ்ஸே சிரிக்கும்.

வார்டில் நர்ஸ் பாலின், யூனாவைச் சக்கர நாற்காலியில் தொலைக்காட்சி இருக்கும் கூடத்துக்குத் தள்ளி வருவாள். இப்படி ஏழு வாரம்.

எட்டாவது ஞாயிறு. நாலு நாளாகக் காற்றே இல்லை, அப்படி ஒரு வெயில். அந்தக் கடலோரத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று ஆண்டெனா வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கத்து டச்சு நிலையங்களின் அலை இந்தப் பக்கம் வந்து நம் அலைமேல் ஏறிவிடும். படம் கட்டம் கட்டமாக உடையும். காத்திருந்தால் தானே சரியாகும். "கை வைக்காதே. வெயில்ல ரீட்யூன் பண்ணினா எல்லாம் போச்சு" என்று ஊருக்கெல்லாம் சொன்னவரே நெவில்தான். ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ரெஜி பன்னெட் அதைக் காகிதத்தில் எழுதித் தொலைக்காட்சிமேல் ஒட்டி வைத்திருந்தார்.

ஏழே முக்காலுக்கு நெவிலின் படம் உடைந்தது. டீ போட்டார். வெளியே போய்ப் புகைபோக்கியில் கட்டியிருந்த ஆண்டெனாவை அண்ணாந்து பார்த்தார். உள்ளே வந்தார். சிக்னல் இல்லை என்றது பெட்டி. எட்டாக ஏழு நிமிடம்.

சும்மா இருக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதும் சும்மா இருக்க முடிவதும் ஒன்றல்ல. நாலு மாதமாக அவர் கட்டில் ஓரத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே அழுத்த ஒரு பொத்தானும் இல்லை. இங்கே ரிமோட்டில் ரீட்யூன் பொத்தான் இருந்தது. அழுத்தினார்.

பெட்டி தனக்குத் தெரிந்த சேனல்களையெல்லாம் மறந்துவிட்டுப் புதிதாகத் தேடியது. பதினொரு டச்சு சேனல்கள் கிடைத்தன. பதிவுக்கு வைத்திருந்த பட்டியல் காலி. மறுபடி அழுத்தினார். மறுபடி டச்சு. எட்டேகாலுக்குச் சுவர் வழியாக அந்தத் தொடரின் இசை கேட்டது. கை வைக்காமல் காத்திருந்த ரெஜிக்குப் படம் வந்துவிட்டது.

நெவில் என்ன செய்தார் என்றால், வசனம் காதில் விழுந்துவிடப்போகிறதே என்று ரிமோட்டை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்குத் தள்ளிப் போய் நின்றார். ஓடிப்போய் ரெஜி வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. யூனா இல்லாமல் பார்ப்பதா? நாலாவது தேடலில் நம் சேனல்கள் திரும்பி வந்தபோது மணி ஒன்பது ஐந்து. செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் ரெஜியின் கதவைத் தட்டினார்.

"ரெஜி, நேத்து பார்த்தியா?"

ரெஜி வாயைப் பொத்திக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லலப்பா!"

"சொல்லு."

"என்னது?"

"எனக்குப் பதிவாகல. யாருன்னு சொல்லு."

ரெஜி அவரை ஒரு மாதிரி பார்த்தார். "அந்த மீசைக்காரன்தான்."

"மீசை ரெண்டு பேருக்கு இருக்கு."

"பனிவண்டி ஓட்டுவானே, அவன்."

"ஏன் கொன்னான்?"

"அதை அவன் சொல்றப்பதான் நான் டீக்குத் தண்ணி வைக்கப் போனேன். திரும்பி வந்தா விலங்கு மாட்டிட்டாங்க."

"ஏன்யா, எட்டு வாரம் பார்த்துட்டு அந்த நேரத்துலயா டீ?"

"நீ ட்யூன் பண்ணினே, நான் டீ போட்டேன். என்னைச் சொல்ல வந்துட்டே."

ரெஜியின் மகள் போனில் விசாரித்துச் சொன்னாள்: வெளிநாட்டுத் தொடர், இணையத்தில் போட உரிமை இல்லை, மறு ஒளிபரப்பு அடுத்த வார வியாழன். பத்து நாள். நெவில் அதைப் பதிவுக்கு வைத்தார். பிறகு வழக்கம்போலப் பெட்டியைத் துண்டில் சுற்றினார்.

அன்று யூனாவைக் கூடத்துக்குக் கொண்டுவரவில்லை. படுக்கையிலேயே இருந்தாள்.

"எங்க, மாட்டு பெட்டியை."

"பதிவாகல யூனா. ரீட்யூன் பண்ணிட்டேன்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஒரு துண்டு மேகம் இல்லை. "இந்த வெயில்லயா? ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த வாத்தியாரு!" சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது. பாலின் வந்து தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

"அடுத்த வாரம் வியாழக்கிழமை மறுபடி போடறாங்க. பதிவுக்கு வெச்சிட்டேன்."

யூனாவின் விரல்கள் போர்வைமேல் நாளை எண்ணத் தொடங்கின. நாலில் நின்றன.

"ரெஜி பார்த்தானா?"

"பார்த்தான். சொன்னான்."

அவளுடைய உள்ளங்கை எழும் என்று நெவில் காத்திருந்தார். முப்பது வருஷமாக அவருடையதைப் போலவே எழுந்த கை. அது போர்வைமேலேயே கிடந்தது.

"சரி," என்றாள். "சொல்லு."

டாக்டர் "நாட்கள்" என்றபோது அது டாக்டரின் சொல்லாகத்தான் இருந்தது. இப்போது அதை யூனா சொல்லிவிட்டாள்.

"மீசைக்காரன். பனிவண்டி ஓட்டறவன்."

"தங்கச்சி இல்லையா?" முகம் சுருங்கியது. "அவனுக்கு டாக்டரோட என்ன பகை? ஏன் கொன்னான்?"

"தெரியல. ரெஜி டீ போடப் போயிட்டான்."

"கேட்டே பாரு, ரெஜிகிட்ட!" கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே, "நாளைக்கு வரப்போ ஏன்னு கேட்டுட்டு வா நெவ். காரணம் தெரியாம எப்படி?" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் கடற்கரையிலிருந்து வீடு போகிற கூட்டம். க்ளென் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டான்.

"பெரியவரே, யார் கொன்னதுன்னு சொல்லட்டுமா?"

உள்ளங்கை எழவில்லை. பெட்டியை மடியில் அணைத்திருந்தது.

"யாருன்னு தெரியும்ப்பா. ஏன்னு சொல்லு."

"என்னது?"

"ஏன் கொன்னான்? யூனா கேக்கறா."

க்ளென் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ஐயோ, நான் அந்தத் தொடரே பார்க்கறதில்லங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு டார்ட்ஸ் ஆட்டம். சும்மா உங்களைச் சீண்டத்தான்... இத்தனை வாரமும்."

நெவில் தலையசைத்தார். பிறகு இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பினார்.

"நேத்து எட்டு மணிக்கு யாராவது டிவி பார்த்தீங்களா?"

வெயிலில் சிவந்த முகங்கள், மணல் ஒட்டிய கால்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராத்திரி ஒன்பது மணி வரை இறங்காத நேற்றைய வெயிலில் அவர்களில் யாரும் வீட்டுக்குள் இருந்திருக்கவில்லை.